சிப் ஷாட் பழக மைதானம் வேண்டாம், ஒரு தரிசு வயல் போதும்

கும்பகோணத்துக்குத் தெற்கே எங்கள் ஊர்ப் பக்கம் கோல்ஃப் மைதானம் கிடையாது. வேலைக்காக வெளியூரில் இருந்த நாட்களில் ஆடப் பழகினேன். ஊரோடு வந்து சேர்ந்தபோது மட்டைப் பையும் கூடவே வந்தது, அவ்வளவுதான். ஒரு பங்குனிச் சாயங்காலம் கை சும்மா இருக்காமல் ஒரு வெட்ஜையும் (கிட்டத்தில் அடிக்க, முகம் நன்றாகச் சாய்ந்த மட்டை) பத்துப் பந்தையும் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். பாதிப் பந்துகள் தரையை ஒட்டிச் சீறிக்கொண்டு பக்கத்து வயலுக்கு ஓடின. மீதி, கிடந்த இடத்திலிருந்து இரண்டடி நகர்ந்தன. வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா கேட்டார்: "பந்த ஏன்டா அள்ளி அள்ளித் தூக்குற? அதுக்குத்தான மட்டைய சாய்வா செஞ்சிருக்கான்?"

அவர் வாழ்நாளில் கோல்ஃப் பார்த்ததில்லை. ஆனால் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் மாதக்கணக்கில் சொல்லி என் மண்டையில் ஏறாததை ஒரே வரியில் சொல்லிவிட்டார். கீழே எழுதியிருப்பது எல்லாமே அந்த ஒரு வரியின் விரிவுதான். வலது கைக்காரர்களுக்காக எழுதுகிறேன். இடது கைக்காரர்கள் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டு சொற்கள்

குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டி வைத்திருக்கும் இடம் கிரீன். அதற்கு வெளியே சில மீட்டரில் பந்து நிற்கிறது. அங்கிருந்து கொஞ்சம் பறந்து நிறைய உருண்டால் அது சிப். நிறையப் பறந்து கொஞ்சம் உருண்டால் பிட்ச். புதிதாக ஆடுபவர்கள் பெரும்பாலும் பிட்ச் அடிக்கத்தான் ஆசைப்படுவார்கள், பார்க்க அழகாக இருக்கும் என்பதால். என் அனுபவத்தில் பத்தில் ஏழெட்டு இடங்களில் சிப்பே போதும். பறக்கும் பந்தைவிட உருளும் பந்தின் கணக்கு எளிது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம், 46 கிராம்கூட இல்லாத பந்து எம்மாத்திரம்?

18 குழிகளுக்கு 72 அடி (பந்தை அடிக்கும் தடவை) என்று ஒரு மைதானத்துக்குக் கணக்கு வைத்தால், அதில் குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகள் கிரீன்மேல் உருட்டுவதற்கென்றே ஒதுக்கியவை. தொடக்கக்காரர் தூரத்திலிருந்து அடித்து கிரீனில் நேராகப் பந்தை நிறுத்துவது அபூர்வம். ஆகவே கிட்டத்தட்ட ஒவ்வொரு குழியிலும் ஒரு சிப் உங்களுக்காகக் காத்திருக்கும். அது நன்றாக விழுந்தால் ஒரு புட்டில் (கிரீன்மேல் உருட்டும் அடி) முடியும், இல்லையென்றால் இரண்டு மூன்று.

இடம் பார்ப்பது

சம்பா அறுத்த வயல் காலியாகத்தான் இருக்கிறது என்று இறங்கிவிடாதீர்கள். அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே உளுந்தோ பயறோ தெளித்திருப்பார்கள். தாளுக்கு இடையில் சின்னதாக முளை விட்டிருக்கும். அதில் மிதித்தால் வசவு நிச்சயம், நியாயமும்கூட. உளுந்து எடுத்து முடிந்த பிறகு, பங்குனி கடைசியிலிருந்து தண்ணீர் வரும்வரை நிலம் நம்முடையது. அதிலும் ஆட்டுக்கிடை போட்ட வயல், வாத்து மேயும் வயல் பக்கம் வேண்டாம். பந்து சின்னது, ஆனால் கல் மாதிரி.

தரிசைவிட நல்ல இடம் வாய்க்கால் கரை. மாடு மேய்ந்து குட்டையாக்கிய அருகம்புல் அங்கே பாய் விரித்தது போல் இருக்கும். கோல்ஃப்காரர்கள் பெர்முடா புல் என்று சொல்வது நம் அருகம்புல்லைத்தான். பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே இனம். வெயில் நாடுகளின் மைதானங்களில் பரவலாக இருப்பது அதுவும் அதன் கலப்பினங்களும்தான். இருபது மீட்டர் நீளம் கிடைத்தால் போதும்.

படி 1: மட்டையை வைத்துவிட்டுக் கையால் எறியுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு கோணிச்சாக்கை நான்காக மடித்து நான்கு மீட்டர் தள்ளிப் போடுங்கள். இன்னும் எட்டு மீட்டர் தள்ளி ஒரு செங்கல். கையைத் தாழ்த்தி, பந்து சாக்கின்மேல் விழுந்து செங்கல்வரை உருளும்படி எறியுங்கள். பத்து முறை எறிந்தால் உங்களுக்கே தெரியும்: கண் செங்கலைப் பார்த்தால் பந்து தாண்டிப் போகும், சாக்கைப் பார்த்தால் சரியாக வரும்.

சிப்பில் நாம் குறி வைப்பது குழியை அல்ல, பந்து விழ வேண்டிய இடத்தை. குழியின் வாய் 108 மில்லிமீட்டர்தான், ஒரு பெரிய டபராவின் வாய் அளவு. பன்னிரண்டு மீட்டரிலிருந்து அதைக் குறி பார்த்து என்ன செய்யப் போகிறோம்? சாக்கு அளவு இடம் என்றால் யாராலும் முடியும்.

எறியும்போது உங்கள் கை என்ன செய்கிறது என்றும் கவனியுங்கள். மணிக்கட்டைச் சுண்டாமல் தோளிலிருந்து ஊஞ்சல் போல் வரும். அதே கைதான் மட்டையோடும் வர வேண்டும்.

படி 2: நிற்பது

இரண்டு குதிகாலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. பந்து நடுவிலோ, நடுவிலிருந்து ஒரு பந்து அளவு வலது பக்கமாகவோ. உடல் எடையில் பாதிக்கு மேல் இடது காலில் இருக்கட்டும், அடித்து முடியும்வரை அங்கேயே இருக்கட்டும். மட்டையைப் பிடியின் அடிப்பகுதி வரை இறக்கிப் பிடித்து, கை இடது தொடைக்கு நேராக வரும்படி வையுங்கள். இப்போது மட்டையின் தண்டு கொஞ்சம் குழிப் பக்கம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு பந்தை அடிக்கும் நொடியிலும் இருக்க வேண்டும்.

அப்புறம் வீச்சு. தோள்கள் மட்டும் ஆட வேண்டும். பின்னால் எவ்வளவு போனதோ முன்னால் அதற்குக் குறையாமல் போக வேண்டும். பயத்தில் பந்தருகே வந்து நிறுத்துவதுதான் பாதித் தவறுகளுக்குக் காரணம். ஓர் ஈரிழைத் துண்டை மார்புக்குக் குறுக்கே வைத்து இரண்டு அக்குளிலும் இடுக்கிக்கொண்டு அடித்துப் பாருங்கள். துண்டு விழுந்தால் கை உடம்பைவிட்டுத் தனியாகப் போகிறது என்று அர்த்தம். நான் முதல் வாரம் துண்டு பொறுக்கியதுதான் அதிகம்.

படி 3: கோலமாவுக் கோடு

பெரியப்பா சொன்ன நோய்க்கு இதுதான் மருந்து. பந்தைத் தூக்க நினைத்தால் எடை வலது காலுக்குப் போகும், மணிக்கட்டு மடியும், மட்டை பந்துக்கு முன்னாலேயே தரையைத் தொடும். தரையைத் தொட்டுச் செருகினால் பந்து இரண்டடி. துள்ளி எழும்பி விளிம்பால் பந்தின் வயிற்றில் பட்டால் பக்கத்து வயல். பார்க்க இரண்டும் வேறு வேறு தவறு போல இருக்கும். இரண்டுக்கும் ஒரே வேர்.

தரையில் கோலமாவால் ஒரு முழம் கோடு போடுங்கள். கோடு இரண்டு காலுக்கும் நடுவில் வரும்படி நின்று, பந்தே இல்லாமல் வீசுங்கள். மட்டை தரையை உரசிய தடம் கோட்டின் மீதோ கோட்டுக்கு இடது பக்கமோ இருக்க வேண்டும். வலது பக்கம் இருந்தால் அள்ளுகிறீர்கள். ஒரு கோட்டில் பத்துப் பதினைந்து வீச்சு வரும். தொடர்ந்து பத்து சரியாக விழும்வரை பந்தை வைக்காதீர்கள். எனக்கு இது நான்கு நாள் பிடித்தது. வீட்டில் கோலமாவு குறைந்ததற்குப் பதில் சொன்னது தனிக்கதை.

சித்திரையில் களிமண் காய்ந்து வெடித்துக் கிடக்கும்போது இன்னொன்றும் தெரியவரும். வெட்ஜின் அடிப்பக்கம் சற்றுப் புடைத்திருக்கும், அதை பவுன்ஸ் என்பார்கள். மணலிலும் கொழுகொழுவென்ற புல்லிலும் மட்டை புதையாமல் காப்பது அந்தப் புடைப்பு. கெட்டித் தரையில் அதுவே துள்ளிவிடும். ஆகவே கட்டாந்தரையில் மணலுக்கென்று செய்த சாண்ட் வெட்ஜை ஒதுக்கி, அதைவிடக் குறைவாகச் சாய்ந்த பிட்சிங் வெட்ஜையோ 9-ம் எண் மட்டையையோ எடுங்கள் (எண் குறையக் குறைய முகத்தின் சாய்வும் குறையும்).

படி 4: எந்த மட்டை?

இதற்கு ஒரு வாய்ப்பாடு உண்டு, பழையது, எளியது. 12-லிருந்து மட்டையின் எண்ணைக் கழியுங்கள். பந்து ஒரு பங்கு பறந்தால் எத்தனை பங்கு உருளும் என்பது கிடைக்கும். 7-ம் எண் என்றால் ஐந்து பங்கு, 9 என்றால் மூன்று. பிட்சிங் வெட்ஜை 10 என்றும் சாண்ட் வெட்ஜை 11 என்றும் வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு பங்கு, ஒரு பங்கு.

பந்து கிரீன் விளிம்பிலிருந்து 2 மீட்டர் வெளியே, குழி விளிம்பிலிருந்து 10 மீட்டர் உள்ளே என்று வைப்போம். மொத்தம் 12. விளிம்பைத் தாண்டி ஒரு மீட்டரில் பந்தை விழச் செய்தால் 3 மீட்டர் பறக்க வேண்டும், 9 மீட்டர் உருள வேண்டும். ஒன்றுக்கு மூன்று, எடுங்கள் 9-ஐ. அதே கிரீனில் பந்து 6 மீட்டர் வெளியே, குழி 8 மீட்டர் உள்ளே என்றால்? பறப்பது 7, உருள்வதும் 7. சாண்ட் வெட்ஜ்.

சமதளமான, நடுத்தர வேகமுள்ள கிரீனுக்கான கணக்கு இது. மேட்டில் ஏறினால் ஒரு எண் குறைந்த மட்டை, பள்ளத்தில் இறங்கினால் ஒரு எண் கூடியது. வயலில் புழுதியும் தாளும் உருளலைத் தின்றுவிடும், அதனால் இங்கே எண்ணிக்கையை நம்பாதீர்கள். சாக்கில் விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். மட்டை எதுவானாலும் வீச்சு ஒன்றேதான் என்பதுதான் இந்த முறையில் எனக்குப் பிடித்த விஷயம்.

பந்துக்கும் கிரீனுக்கும் நடுவே புல் குட்டையாகச் சமமாக இருந்தால் கிரீனில் உருட்டும் மட்டையான புட்டரையே எடுத்து உருட்டிவிடுங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

படி 5: பிட்ச், சுருக்கமாக

நடுவே வாய்க்காலோ மணல்குழியோ இருந்தால் உருட்ட வழியில்லை. கால்களை இன்னும் கொஞ்சம் அகட்டி, பந்தை நடுவில் வைத்து, மணிக்கட்டு இயல்பாக மடியவிட்டு, நெஞ்சு குழியைப் பார்க்கும்வரை திரும்பி அடியுங்கள். பின்வீச்சில் கை முழங்கால், இடுப்பு, நெஞ்சு என மூன்று உயரங்களுக்குப் போகும்போது பந்து எங்கே விழுகிறது என்று அளந்து எழுதி வையுங்கள். முகம் 56 டிகிரி சாய்ந்த மட்டையில் இடுப்பு உயரத்துக்கு எனக்கு ஏறக்குறைய 20 மீட்டர் வருகிறது. உங்களுடையது வேறாக இருக்கும், அதனால்தான் எழுதச் சொல்கிறேன்.

படி 6: ஆற்று மணல்

பங்கர், அதாவது மணல்குழி, பழக டெல்டாவைவிட நல்ல இடம் எது? கோடையில் அரசலாறும் குடமுருட்டியும் காய்ந்து கிடக்கும். செவே பாயஸ்டெரோஸ் என்ற ஸ்பெயின்காரர், பின்னாளில் ஓபன் சாம்பியன்ஷிப்பை மூன்று முறை வென்றவர், சிறுவயதில் தன் ஊர்க் கடற்கரை மணலில் ஒரே ஒரு 3-ம் எண் மட்டையை வைத்துக்கொண்டுதான் பழகினார். நமக்கு ஆறு இருக்கிறது. மணல் அள்ளிய குழிகள் இல்லாத இடமாகப் பார்த்து இறங்குங்கள், தனியாகப் போகாதீர்கள்.

மணலில் மட்டும் விதி மாறும்: பந்தை அடிக்கவே கூடாது. பிடிப்பதற்கு முன்பே சாண்ட் வெட்ஜின் முகத்தை வானம் பார்க்கத் திருப்பி, பிறகு பிடியுங்கள். பாதங்களை மணலில் புதைத்து நில்லுங்கள். பந்து இடது குதிகாலுக்கு நேராக. பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மணலை அடித்து, நிறுத்தாமல் வீச்சை முடியுங்கள். பந்தை வெளியே கொண்டுவருவது மணல்தான். முதலில் பந்து இல்லாமல் ஒரு கோடு கிழித்து, கோட்டிலிருந்து மணல் முன்னால் தெறிக்கும்படி அடித்துப் பழகுங்கள். மேல்மணல் காய்ந்து, ஒரு விரல் தோண்டினாலே ஈரம் தட்டும் இடங்களில் மட்டை துள்ளும். அங்கே முகத்தைக் குறைவாகத் திருப்புங்கள்.

பயிற்சியில் கோடு கிழிக்கலாம், ஆட்டத்தில் முடியாது. பங்கரில் அடிப்பதற்கு முன் மட்டையால் பந்துக்கு முன்னாலோ பின்னாலோ மணலைத் தொட்டால் கணக்கில் இரண்டு அடி தண்டமாகக் கூடும்.

இன்னொரு விதி நமக்குச் சாதகமானது. சிப் அடிக்கும்போது மட்டை தெரியாமல் பந்தை இரண்டு முறை தொட்டுவிடுவது உண்டு. 1985 அமெரிக்க ஓபனில் முன்னணியில் இருந்த தைவான் வீரர் டி.சி. சென்னுக்கு அது நடந்தது. தண்டம் சேர்ந்து அந்த ஒரு குழியில் 8 அடி ஆனது. கடைசியில் ஒரே ஓர் அடியில் கோப்பை போனது. 2019-ல் விதி மாறியபின் அது ஒரே அடியாகத்தான் கணக்கு.

தண்ணீர் வந்த பிறகு

வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கும், கொஞ்ச நாளில் வயலெல்லாம் குறுவைச் சேறு. அப்புறம் நான் மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். தென்னைநார்க் கால்மிதி ஒன்று, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்துகள், எதிரே அரிசி களைகிற அலுமினியக் குண்டான். விழுந்தால் 'டங்' என்று கேட்கும். கீழே பெரியப்பா அதை எண்ணிக்கொண்டிருப்பார். நேற்றைக்குப் பதினொன்று.