தோட்டா நீளம் ஒரே சீராக வர
கையால் தோட்டா நிரப்பும்போது ஒரு தோட்டா 2.790 அங்குலம், அடுத்தது 2.796 என்று காலிப்பர் (நீளம் அளக்கும் கருவி) காட்டுகிறதா? குண்டைக் கேஸுக்குள், அதாவது தோட்டாவின் உலோகக் கூட்டுக்குள், அழுத்தி இறக்கும் டையை உடனே திருகாதீர்கள். குண்டின் முனை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வேறுபடும், ஆனால் டைக்குள் இருக்கும் தண்டு பெரும்பாலும் முனையைத் தொடாமல் அதற்குக் கீழே வளைவில்தான் அழுத்துகிறது, அதனால் காலிப்பரில் கம்பேரேட்டரை (முனையை விட்டு வளைவில் பொருந்தும் துளையுள்ள துணைக்கருவி) மாட்டி அந்த வளைவிலிருந்து அளந்து பாருங்கள், பெரும்பாலான வித்தியாசம் அங்கேயே காணாமல் போய்விடும். அப்புறமும் மிஞ்சினால் கேஸின் கழுத்தைப் பாருங்கள். உள்ளே கரி படிந்தோ விளிம்பு பிசிறாகவோ இருந்தால் ஒரு குண்டு இறுக்கமாகவும் இன்னொன்று வழுக்கிக்கொண்டும் இறங்கும். டை மாட்டியிருக்கும் பிரஸ்ஸின் கைப்பிடியை நிதானமாக, கடைசி வரை, ஒரே மாதிரி இழுங்கள். தோட்டா நிரப்பும் கையேட்டில் உள்ள நீளத்தைவிடக் குண்டு ஆழமாக இறங்கிவிட்டால் உள்ளே இடம் குறைந்து அழுத்தம் ஏறிவிடும். அதைச் சுடவே கூடாது, பிரித்துவிடுங்கள்.