முதன்முறை சுழியோடுபவரைப் படம்பிடிக்கும்போது உடம்பை எங்கே, எப்படி வைப்பது: புறாத்தீவுக் கடலுக்கான வழிகாட்டி

திருகோணமலைக்கு அருகே நிலாவெளியிலிருந்து புறாத்தீவுப் பக்கம் சுழியோடப் போகிறவர்களில் பலர் வாழ்நாளில் முதல் தடவையாகச் சிலிண்டர் மாட்டுகிறவர்கள். பயிற்றுநர் ஒருவர் கையை விடாமல் கூடவே இறக்குவார். மேலே வந்ததும் அவர்கள் கேட்பது பவளத்தைப் பற்றியோ மீனைப் பற்றியோ அல்ல. "வீடியோவில என்ட முகம் தெரியுதா?" என்றுதான் கேட்பார்கள். இந்த வேலையில் படம் என்றால் மாஸ்க் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் இரண்டு கண்கள். அந்தக் கண்களுக்கு எதிரே, பயிற்றுநரின் கைக்குக் குறுக்கே வராமல், பவளத்திலும் படாமல் மிதந்து நிற்கத் தெரிந்தவருக்கு நடுத்தர விலைக் கமராவே போதும். தெரியாதவருக்கு எந்தக் கமராவும் உதவாது.

நீங்கள் சான்றிதழ் பெற்ற சுழியோடி என்றும், கையில் ஒன்றும் இல்லாமல் நடுநீரில் இரண்டு நிமிடம் ஒரே ஆழத்தில் நிற்கக்கூடியவர் என்றும் வைத்துக்கொண்டே மேலே சொல்கிறோம். அது வராவிட்டால் கமரா இப்போதைக்குக் கரையில் இருக்கட்டும்.

ஈயமும் கிடையும்

முதன்முறை வருபவருக்கு ஆழ எல்லை 12 மீற்றர். வீடியோவுக்கோ 4 முதல் 8 மீற்றர்தான் நல்ல ஆழம். ஆழம் குறைந்த இடத்தில் நிலையாக நிற்பது ஆழத்தில் நிற்பதைவிடக் கடினம், ஏனென்றால் அங்கே சின்ன ஏற்ற இறக்கமும் மிதப்பைப் பெரிதாக மாற்றும். வழக்கமான அலுமினியச் சிலிண்டர் காற்றுக் குறையக் குறைய ஏறத்தாழ 2 கிலோ இலேசாகிவிடும். ஆகவே இடுப்பில் கட்டும் ஈய எடையின் அளவைச் சுழியோட்டத்தின் தொடக்கத்தில் பார்க்காதீர்கள். சிலிண்டரில் காற்றழுத்தம் 50 பார் மீதமிருக்கும்போது, 5 மீற்றரில், பீசிடி எனப்படும் காற்றுச் சட்டையை முழுதாக வெறுமையாக்கி நின்று பாருங்கள். சாதாரண மூச்சில் மேலே போகாமல் நின்றால் அளவு சரி. கமராக்காரர் அதற்கு மேல் அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை கூட்டிக்கொள்ளலாம். அதற்கும் கூடினால் பீசிடியில் காற்றை ஏற்ற வேண்டிவரும், அந்தக் காற்று உங்களை மேலும் கீழும் ஆட்டும்.

உடம்பு தரைக்குச் சமாந்தரமாகப் படுத்த நிலையில் இருக்க வேண்டும்: முழங்கால் 90 பாகையில் மடிந்து, ஃபின்கள், அதாவது கால் துடுப்புகள், உடம்பைவிடச் சற்று உயர்ந்து. கால் தொங்கினால் இடுப்பில் உள்ள ஈயத்தில் ஒரு கட்டியைச் சிலிண்டர்ப் பட்டிக்கு மாற்றுங்கள். கால் தொங்குகிறவர் ஒவ்வோர் உதையிலும் மணலைக் கிளப்புவார். அந்த மணல் சரியாக வாடிக்கையாளரின் முகத்துக்கு முன்னால் வந்து நிற்கும்.

பின்னோக்கி நீந்துதல்

இது வராமல் மற்ற எதுவும் வராது. பயிற்றுநரும் வாடிக்கையாளரும் உங்களை நோக்கி வந்துகொண்டே இருப்பார்கள், நீங்கள் அவர்களைப் பார்த்தபடியே பின்னால் போக வேண்டும். கையால் தண்ணீரைத் தள்ளிப் பின்னால் போக முடியாது, கையில் கமரா இருக்கிறது.

இரண்டு காலையும் பின்னால் நேராக நீட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள். கணுக்காலை மடக்கி, பெருவிரல்கள் வெளிப்பக்கம் பார்க்கும்படி ஃபின்னைத் திருப்புங்கள். இப்போது குதிகாலை இடுப்பை நோக்கி, வெளிப்புறமாக வளைத்து இழுங்கள். ஃபின்னின் மேற்பக்கமும் வெளி விளிம்பும் தண்ணீரைப் பிடிப்பதை உணர்வீர்கள். பிறகு ஃபின்னைத் தட்டையாக்கி மெதுவாக மறுபடி நீட்டுங்கள். நீட்டும்போது அவசரப்பட்டால் இழுத்துப் பெற்ற தூரம் அப்படியே போய்விடும். அகலமான, குட்டையான, விறைப்பான ஃபின் வேண்டும். நடுவில் பிளந்த ஃபின்னாலும் நீளமான மெல்லிய ஃபின்னாலும் பின்னோக்கிப் போவது பெரும்பாடு. பழகுவதற்கு நங்கூரக் கயிறு நல்ல இடம். முகத்துக்கு நேரே கயிற்றை வைத்து, மூக்கின் உயரம் மாறாமல் மூன்று மீற்றர் பின்னால் போகப் பாருங்கள். உயரம் மாறினால் மூச்சு சீராக இல்லை என்று பொருள்.

நன்றாகப் பழகியவரும் பின்னோக்கி வேகமாகப் போக முடியாது. நிமிடத்துக்கு 10 மீற்றருக்கு மேல் போக வேண்டாம் என்று பயிற்றுநரிடம் படகிலேயே பேசிக்கொள்ளுங்கள். நீரோட்டம் உங்களை அவர்கள்மேல் தள்ளுகிற நாளில் பின்னோக்கி நீந்துவதை விட்டுவிட்டு, பக்கவாட்டில் 5 மீற்றர் முந்திப்போய்த் திரும்பி நின்று, அவர்கள் கடந்துபோகும் வரை எடுங்கள்.

எந்த இடத்தில் நிற்பது

பீசிடியில் காற்றேற்றும் குழாய் இடது தோளில் தொங்கும். அதனால் பயிற்றுநர் பெரும்பாலும் வாடிக்கையாளரின் இடப்பக்கத்தில், சற்று மேலே இருந்து, ஒரு கையால் சிலிண்டர் வால்வையும் மறு கையால் அந்தக் குழாயையும் பிடித்திருப்பார். இடப்பக்கம் அவருடைய இடம். உங்களுக்கு உரியது முன்புறம், நேர் எதிரிலிருந்து 20 பாகை வாடிக்கையாளரின் வலப்பக்கமாக. இதில் ஒரு சின்னத் தொல்லை: வாயில் வைத்து மூச்சு எடுக்கும் ரெகுலேற்றரின் குழாயும் வலது தோள் வழியாகத்தான் வருகிறது, கன்னத்தை மறைக்கும். 20 பாகைக்கு மேல் போகப் போகக் குழாய்தான் படமாகும். ஆகவே அந்தக் கோணத்தைத் தாண்டாதீர்கள்.

உயரம்: அவர்களின் கண்மட்டத்திலிருந்து 30 முதல் 50 சென்ரிமீற்றர் கீழே, கமரா சற்று மேல்நோக்கி. இப்படி வைத்தால் பின்னணியில் பவளக் குப்பைக்குப் பதிலாக ஒளி விழும் நீலம் வரும், புருவ நிழல் கண்ணை மறைக்காது. கீழே போகிற ஆசையில் உங்கள் ஃபின் எதன்மேல் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். உங்களுக்குக் கீழே மணல் இருந்தால் மட்டும் தாழுங்கள். மான்கொம்புப் பவளமோ நீண்ட கறுப்பு முள்ளுள்ள கடல்முள்ளெலியோ இருந்தால் கண்மட்டத்திலேயே நில்லுங்கள். புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. பவளத்தைத் தொடவும் அதன்மேல் நிற்கவும் கூடாது, ஒரு நல்ல காட்சி அதற்கு ஈடாகாது.

தூரம்: லென்ஸிலிருந்து முகத்துக்கு 80 சென்ரிமீற்றரிலிருந்து ஒரு மீற்றர். தண்ணீருக்குள் எல்லாமே கால்வாசி கிட்டத் தெரியும். கண்ணுக்கு ஒரு மீற்றர் போலத் தோன்றினால் உண்மையில் அது 1.3 மீற்றர் இருக்கும். இதனால்தான் புதிதாக எடுப்பவர்களின் படங்களில் ஆள் சின்னதாகவும் நிறம் செத்தும் கிடக்கிறது. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. ஒளி மேலிருந்து முகத்துக்கு வரும் தூரமும், முகத்திலிருந்து லென்ஸுக்கு வரும் தூரமும் சேர்ந்துதான் அந்தக் கணக்கு. சிவப்பு வடிகட்டி 4 மீற்றருக்குக் கீழே, நல்ல வெயிலில் கைகொடுக்கும். மேல்மட்டத்தில் அதை மாட்டினால் முகம் செங்கல் நிறமாகும்.

கமராவை 25 முதல் 30 சென்ரிமீற்றர் அகலமான இருகைப்பிடித் தட்டில் பொருத்தி, முழங்கை சற்று மடிந்திருக்க நீட்டிப் பிடியுங்கள். நீட்டிப் பிடிப்பதற்குக் காரணம் உங்கள் சொந்தக் குமிழிகள்: மேல்நோக்கி எடுக்கும்போது அவை எழுந்து லென்ஸுக்கு முன்னால்தான் போகும். தலையைச் சற்றுச் சாய்த்து, மூச்சை மெல்லிய இழையாக விடுங்கள். குமிழி வராமல் இருக்க மூச்சை அடக்குவது சிலரிடம் உள்ள பழக்கம். அது கூடவே கூடாது. அடக்கிய மூச்சோடு ஒரு மீற்றர் மேலே போவதே நுரையீரலுக்கு ஆபத்து, மேல்மட்டத்தில் இன்னும் அதிகம்.

வாடிக்கையாளரின் குமிழிகளை உங்களால் நிறுத்த முடியாது, எண்ணலாம். மூச்சு விடும்போது மாஸ்க் மறையும், இழுக்கும்போது இரண்டு மூன்று செக்கன் முகம் தெளியும். அந்த நேரத்துக்காகக் காத்திருங்கள்.

விமானத்திலிருந்து பயணியை மார்போடு கட்டிக் குதிக்கும் டேண்டம் பயிற்றுநர்களைப் படம்பிடிப்பவர்களும் இதே இடத்தைத்தான் பிடிக்கிறார்கள்: முன்னால், முகத்துக்கு எதிரே. அங்கே ஜோடிக்கு மேலே வேகத்தைக் குறைக்கும் சின்ன இழுவைக் குடை இருப்பதால் மேற்பக்கம் தடை, நமக்கு மேற்பக்கம் முழுக்கக் குமிழி. அவர்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு நிமிடம், நமக்கு அரை மணி. அவசரப்பட நமக்குக் காரணமே இல்லை.

மற்றக் கோணங்கள்

பக்கவாட்டுக் காட்சி பயிற்றுநரையும் சேர்த்துக் காட்டும். வலப்பக்கம் 1.5 மீற்றர் தள்ளி அவர்களோடு இணையாகப் போங்கள். உடம்பை 30 பாகை அவர்கள் பக்கம் உருட்டி, கிட்டிய கையால் மட்டும் கமராவைப் பிடித்து, தவளை உதையில் போனால் ஆட்டம் குறையும். 15 செக்கன் போதும்.

மல்லாந்து எடுப்பது அழகு, ஆனால் ஒருதடவைதான். மணற்பரப்பு, 6 மீற்றருக்குக் குறையாத ஆழம், சூரியன் அவர்களுக்குப் பின்னால். தலைகீழாகும்போது சிலிண்டர் ஒருபக்கம் இழுக்கும், ரெகுலேற்றரில் சற்றுத் தண்ணீர் வரும். முதல் மூச்சை மெதுவாக இழுத்தால் இருமல் வராது. நேர் கீழே படுக்காமல் ஒரு மீற்றர் தள்ளியே படுங்கள், அவர்கள் திடீரெனத் தாழ்ந்தால் உங்கள்மேல் விழுவார்கள். மேலேயும் பின்னாலும் இருந்து எடுப்பதில் சிலிண்டரின் அடியும் தலைமயிரும்தான் கிடைக்கும். சுறாவோ ஆமையோ எதிரே வந்து, அதை அவர்கள் பார்க்கிற நேரத்தில் மட்டும் அந்தக் கோணம் சரி.

படகிலிருந்து மறுபடி படகு வரை

காலை 7 மணியிலிருந்து 10 மணிக்குள் முடிக்கப் பாருங்கள். பிற்பகலில் காற்றெழுந்து மேல்மட்டம் கலங்கும், சுற்றுலாப் படகுகளும் கூடிவிடும். வாடைக்காற்றுக் காலத்தில் இந்தப் பக்கம் கடலே வேறு. மே முதல் செப்டெம்பர் வரைதான் நம்பலாம்.

இறங்குமுன் படகில் ஒரே ஒரு விடயத்தைக் கட்டாயம் சொல்லுங்கள்: "அண்ணா, கமராவப் பாத்துக் கட்டைவிரலத் தூக்காதீங்க. தூக்கினா 'மேல போவம்' எண்டு அர்த்தம். பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாப் பிடிச்சுக் காட்டுங்க, அதுதான் ஓகே." இதைச் சொல்லாத நாளில் நல்ல சுறாக் காட்சிக்கு நடுவில் ஒருவர் கட்டைவிரலை உயர்த்துவார், பயிற்றுநர் தன் கடமைப்படி மேலே கூட்டிப்போவார்.

நீங்கள்தான் முதலில் குதிக்க வேண்டும். படகிலிருந்து 3 மீற்றர் தள்ளி நின்று, லென்ஸ் பாதி நீருக்குள் இருக்க அவர்கள் பின்புறமாக விழுவதை எடுங்கள். கயிறு வழியே இறங்கும்போது 1.5 மீற்றர் கீழே, பக்கத்தில் விலகி இருங்கள். காது அடைப்பு எடுபட நேரமாகும். காதைக் காட்டிச் சைகை செய்தால் கமராவைத் தாழ்த்திவிடுங்கள். லென்ஸ் எதிரே இருந்தால் பலர் வலியை மறைத்துச் சிரிப்பார்கள், அது செவிப்பறைக்குக் கேடு. பதறி மாஸ்க்கைப் பிடுங்கினாலோ மேலே பாய்ந்தாலோ இரண்டு மீற்றர் பின்வாங்கி வழி விடுங்கள். அது பயிற்றுநரின் வேலை, அவர் கூப்பிட்டால் மட்டும் கிட்டப் போங்கள்.

நல்ல கோணம் தேடி மேலும் கீழும் போய்வருவதைக் கட்டுப்படுத்துங்கள். ஒரு நாளில் மூன்று நான்கு பேரை எடுக்கும் கமராக்காரரின் காதும் உடம்பும்தான் அதிகம் தேய்கின்றன. நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் ஏறாதீர்கள், 5 மீற்றரில் மூன்று நிமிடம் நில்லுங்கள். மேலே வரும்போது கமராவை இடுப்பு வளையத்தில் மாட்டி, ஒரு கையை உயர்த்தி, எஞ்சின் சத்தத்தைக் கேட்டு வாருங்கள். மாஸ்க்கைக் கழற்றியதும் அவர்கள் சொல்லும் முதல் வார்த்தைக்காகப் பொத்தானை மறுபடி அழுத்துங்கள்.

கமரா உறையைப் படகின் ஈரக்காற்றில் திறந்து மூடினால் அடுத்த சுழியோட்டத்தில் கண்ணாடி உள்ளே புகைபிடித்தது போலாகும். காலையில் குளிரூட்டிய அறையிலேயே முழுச் சார்ஜுள்ள பற்றரியைப் போட்டு மூடி, ஈரம் உறிஞ்சும் துண்டொன்றை உள்ளே வையுங்கள். றப்பர் வளையத்தில் ஒரு மயிர் கிடந்தாலும் தண்ணீர் புகும், விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். வேலை முடிந்ததும் நன்னீரில் அரை மணி ஊறவைத்து, துடைத்து, பிறகு திறக்கலாம்.