பார்படோஸில் செலவைக் குறைத்துத் தங்க

பார்படோஸ் போகிறவர்கள் மேற்குக் கரையில் அறை தேடாதீர்கள், அங்கே வாடகை மிக அதிகம். தெற்குக் கரையில் வொர்திங், ஆய்ஸ்டின்ஸ் பக்கம் சின்னச் சின்ன விடுதிகள் இருக்கின்றன. தீவின் கடற்கரைகள் எல்லாமே பொது என்பதால் கடலைப் பார்த்த அறைக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம், இரண்டு தெரு தள்ளி எடுத்தாலும் அதே மணலில்தான் போய் உட்காரப் போகிறீர்கள். அப்புறம், சமைக்க வசதி உண்டா என்று கட்டாயம் கேளுங்கள்; அங்கே உணவுப்பொருள் பெரும்பாலும் இறக்குமதி, மூன்று வேளையும் வெளியே சாப்பிட்டால் வாடகையில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். வரி, சர்வீஸ் சார்ஜ் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்பதை முன்பே மெயிலில் வாங்கி வையுங்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை சீசன். மே மாதம் நல்லது, விலை இறங்கியிருக்கும், புயல் காலம் ஜூனில்தான் தொடங்கும்.