படப் புத்தகத்தில் பாதிக் கதையைக் குழந்தையிடம் விடுங்கள்

'மூளை வளர்ச்சிக்கு' என்று ஒட்டி விற்கும் சரக்கு கடையில் நிறைய இருக்கிறது: ஃபிளாஷ் கார்டு, பாட்டு வீடியோ, பேசும் பொம்மை. குழந்தையைப் பேச வைத்துக் கதை படிக்கும் இந்தச் செய்முறைக்கு அவை எதுவும் வேண்டாம். ஒரு படப் புத்தகம், பத்து நிமிடம், இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் ஒரு குழந்தை போதும்.

வீடியோ போட்டுக்கொடுத்தால் ஆகாதா? 2003இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பாட்ரீசியா கூல் குழுவினர் செய்த ஆய்வு ஒன்று உண்டு. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள், வயது 9 மாதம். ஒரு பிரிவோடு மாண்டரின் (சீன மொழி) பேசுகிறவர் நேரில் உட்கார்ந்து புத்தகம் படித்து விளையாடினார். இன்னொரு பிரிவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் டிவியில். நேரில் கேட்டவர்களுக்கு அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறிய வந்தது. டிவி பார்த்தவர்களுக்கு ஒன்றும் ஏறவில்லை.

2018இல் அமெரிக்காவில் ரேச்சல் ரோமியோவும் உடன் ஆய்வாளர்களும் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்தார்கள். கதை கேட்கும்போது மூளையை ஸ்கேனும் எடுத்தார்கள். மொழியைக் கையாளும் ப்ரோகா பகுதியின் செயல்பாடு, பெரியவர்கள் எத்தனை வார்த்தை பேசினார்கள் என்பதோடு ஒத்துப்போகவில்லை. இருவரும் மாறி மாறி எத்தனை முறை பேசினார்கள் என்பதோடுதான் ஒத்துப்போனது. ஸ்கேன் மட்டும் இதுதான் காரணம் என்று நிரூபித்துவிடாது. ஆனால் அதற்கு 30 வருடம் முன்பே, 1988இல், குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் இரண்டு வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்குக் கதை படிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்து ஒரு மாதம் பார்த்தார்கள். வழக்கம்போல் படித்துக்காட்டிய வீட்டுப் பிள்ளைகளைவிட இவர்கள் பேச்சில் முந்திவிட்டார்கள். அந்த முறையைத்தான் கீழே சொல்கிறேன்.

படி 1: புத்தகம்

பக்கத்துக்கு ஒரு பெரிய படம், ஒன்றிரண்டு வரி. காசு செலவழிக்க வேண்டாம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். முடிந்தால் அச்செடுத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பது இங்கிலீஷ் புத்தகமா? பரவாயில்லை, படத்தைக் காட்டித் தமிழில் பேசுங்கள்.

படி 2: கேளுங்கள்

முதல் முறை கதையை அப்படியே படித்துவிடுங்கள். இரண்டாவது முறை பக்கத்துக்கு ஒரு கேள்வி. 'இது என்ன கலர்?', 'எத்தனை பழம்?' எல்லாம் பரீட்சைக் கேள்விகள், அளவாகப் போதும். 'பூனை எங்க போகுது?', 'பாப்பா ஏன் அழுது?' என்று கேளுங்கள். மூன்று வயது தாண்டியிருந்தால், 'நாம கோயில்ல யானை பார்த்தோமே, அது என்ன பண்ணுச்சு?' என்று அதன் சொந்தக் கதைக்குள்ளும் போகலாம்.

படி 3: காத்திருங்கள்

பெரியவர்களுக்குக் கஷ்டமான படி இதுதான். கேள்வி கேட்ட கையோடு பதிலையும் நாமே சொல்லிவிடுவோம். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். இரண்டு வயதுக் குழந்தைக்குக் கேள்வி புரிய வேண்டும், வார்த்தையைத் தேட வேண்டும், பிறகு வாயை அசைக்க வேண்டும். விரலால் காட்டினாலும் 'ம்ம்' என்றாலும் அது பதில்தான். நம் ஊரில் கதை கேட்கிறவர் 'உம்' கொட்டுவது வழக்கம். இங்கே குழந்தை பேசட்டும், உம் கொட்டுவது உங்கள் வேலை.

படி 4: ஆமோதித்து நீட்டுங்கள்

நாய்ப் படத்தைப் பார்த்துக் குழந்தை 'தோத்தோ' என்கிறது. 'தோத்தோ இல்ல, நாய்னு சொல்லு' என்று திருத்தினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். 'ஆமா, நாய்! வாலை ஆட்டுது' என்று சொல்லுங்கள். சரியான சொல்லும் போய்ச் சேர்ந்தது, கூடவே ஒரு வினைச்சொல்லும் கிடைத்தது. ஒன்றிரண்டு சொல் மட்டும் சேருங்கள். நாயின் இனம், குணம் என்று பாடம் எடுக்க வேண்டாம். அப்புறம் 'நாய் என்ன பண்ணுது?' என்று திரும்பக் கேட்டால் 'வால் ஆத்துது' என்று வரும். வராவிட்டால் விட்டுவிடுங்கள், வற்புறுத்த வேண்டாம்.

படி 5: அதே புத்தகம், மறுபடியும்

'இதே கதைதான் வேணும்' என்று அடம்பிடிக்கிறதா? நல்லது. 2011இல் ஜெசிகா ஹார்ஸ்ட் குழுவினர் மூன்று வயதுப் பிள்ளைகளிடம் பார்த்தார்கள்: வேறு வேறு கதைகளில் புதுச் சொல்லைக் கேட்டவர்களைவிட, அதே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள் அந்தச் சொல்லை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். கதை பழகப் பழக நீங்கள் குறைவாகச் சொல்லுங்கள். 'நரி டபக்குனு...' என்று நிறுத்தினால் மீதியைக் குழந்தையே முடிக்கும்.

புத்தகத்தைத் தள்ளிவிட்டு ஓடினால் அன்றைக்கு அவ்வளவுதான். தூக்கம் வரும் நேரம், பசி நேரம் இரண்டும் கேள்விக்கு உதவாது. அப்போது சும்மா படித்துக்காட்டுங்கள்.

அங்கன்வாடியிலோ பிளே ஸ்கூலிலோ இதைச் செய்கிறவர்கள் நாலைந்து பேராகப் பிரித்து உட்கார வையுங்கள். இருபது பேர் இருந்தால் இந்த முறை நடக்காது. கேள்வியை ஒருவரின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் தினமும் அதே இரண்டு பிள்ளைகள்தான் பதில் சொல்லும்.