ஆரல்வாய்மொழிக் காற்றும் ஆழமான ரிம்மும்: குறைந்த செலவில் ரோடு சைக்கிள் சக்கரம் கட்டுவிக்கும் முறை

ரோடு சைக்கிளுக்கு ஆழமான, அதாவது டயரிலிருந்து உள்நோக்கி உயரமாக நீளும், கார்பன் ரிம் போட வேண்டும் என்ற ஆசை வந்ததும் பெரும்பாலோர் முதலில் பார்ப்பது ரிம்மின் உயரத்தையும் சக்கரத்தின் மொத்த எடையையும்தான். குமரி மாவட்டத்துச் சாலைகளில் ஓட்டுபவர் வேறு வரிசையில் யோசிப்பது நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று பாய்ந்து வருகிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். மணக்குடியிலிருந்து முட்டம், குளச்சல் வரை கடலை ஒட்டிய சாலையில் உப்புக்காற்று ஆண்டு முழுவதும் உண்டு. இரண்டு பருவமழையும் நமக்குக் கிடைக்கிறது. எந்தப் பாகத்தில் காசைப் போடுவது, எதில் மிச்சம் பிடிப்பது என்பதை இந்த மூன்றையும் வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

பெட்டியில் வரும் ஆயத்தச் சக்கரத்தில் ரிம், ஹப் (சக்கரத்தின் நடு உருளை), ஸ்போக் (கம்பி) எல்லாவற்றையும் தயாரிப்பவரே தீர்மானித்துவிடுகிறார். கட்டுவிக்கும் சக்கரத்தில் அவற்றைத் தனித்தனியாக நாம் தேர்ந்தெடுக்கிறோம். ஒரு பள்ளத்தில் விழுந்து ரிம் விரிசல் கண்டால், அதே அளவுள்ள வேறொரு ரிம்மை வாங்கிப் பழைய ஹப்பில் மறுபடி கட்டிக்கொள்ளலாம் என்பது இதன் பெரிய ஆதாயம். ஆகவே பட்ஜெட் சிறியதாக இருந்தால் ஹப்பையும் கட்டுமானத்தையும் முதலில் உறுதிசெய்துகொண்டு, மீதமுள்ள தொகைக்கு எந்த ரிம் கிடைக்கும் என்று பார்ப்பதே சரியான வரிசை என்பது என் கருத்து. புதிய டயர்களின் விலையைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைக்க வேண்டும். சுமாரான டயரை மாட்டினால் விலையுயர்ந்த ரிம் தரும் நன்மையில் பெரும்பங்கு சாலை உராய்விலேயே கரைந்துபோகும்.

இனி ரிம்மின் உயரம். ஆழமான ரிம்மின் வேலை காற்றுத்தடையைக் குறைப்பது. காற்றுத்தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. அதை வெல்லத் தேவைப்படும் திறனோ வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. எனவே ஆழமான ரிம் பயன் தருவது முக்கியமாக வேகமாகவும் தனியாகவும் ஓட்டும்போதுதான். அப்போதும் தடையின் பெரும்பகுதி ஓட்டுபவரின் உடலிலிருந்தே வருவதால், மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் மிச்சப்படுத்துவது சில வாட்டுகளுக்கு மேல் போவதில்லை. குழுவாகச் சேர்ந்து, முன்னால் போகிறவரின் மறைவில் ஓட்டும்போது அதுவும் குறைந்துவிடும்.

பக்கக்காற்றின் விலையை இதற்கு எதிரில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆடி மாதத்தில் தோவாளையைத் தாண்டி ஆரல்வாய்மொழி நோக்கிப் போகும்போது, தென்னந்தோப்பின் மறைவில் அமைதியாகப் போய்க்கொண்டிருக்கும் சைக்கிள், தோப்பு முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடத்தில் சட்டென்று ஒரு முழம் விலகும். லாரி ஒன்று நம்மை முந்தும் வேளையில் இது இன்னும் ஆபத்தானது: லாரி சில நொடிகள் காற்றை மறைக்கிறது, நாம் அறியாமலேயே காற்றுக்கு எதிராகச் சாய்ந்திருந்த உடல் அந்தப் பக்கமாகவே இழுபடுகிறது, லாரி கடந்ததும் காற்று முழு வேகத்தோடு திரும்ப வந்து முன்சக்கரத்தைத் தள்ளுகிறது. பின்சக்கரம் சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருப்பதால் பக்கக்காற்று அதைத் தள்ளினாலும் திசை மாறுவதில்லை; முன்சக்கரத்தில் படும் காற்று ஹேண்டில்பாரையே திருப்பப் பார்க்கும். அதனால் இரண்டு ரிம்களும் ஒரே உயரத்தில் இருந்தாக வேண்டும் என்ற அழகுணர்ச்சியை விட்டுவிட்டு, முன்னால் 35 முதல் 40 மி.மீ., பின்னால் 50 மி.மீ. என்று கட்டுவிப்பதையே நான் பரிந்துரைப்பேன். அறுபது கிலோவுக்குக் குறைவான எடையுள்ளவர்கள் முன்னால் 35-ஐத் தாண்ட வேண்டாம். அதே உயரத்திலும் ரிம்மின் வடிவம் முக்கியம்: உள்விளிம்பு கூர்மையாக முடியும் பழைய வி வடிவத்தைவிட, அகன்று உருண்டு முடியும் யு வடிவம் பக்கக்காற்றில் அடக்கமாக நடந்துகொள்ளும். விலை மலிவு என்பதற்காகப் பழைய ஒடுக்கமான அச்சில் வார்த்த ரிம்மை வாங்கினால் காற்றுக்காலத்தில் அதைக் கழற்றி வைக்க நேரிடும்.

உங்கள் சைக்கிளில் ரிம்மின் பக்கங்களையே அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக் இருந்தால் கார்பன் எண்ணத்தையே கைவிடலாம் என்று சொல்வேன். கார்பன் பரப்பில் மழைநாளில் பிரேக் தாமதித்தே பிடிக்கும். கீரிப்பாறைப் பக்கத்து இறக்கங்களில் தொடர்ந்து பிரேக்கை அழுத்தினால் எழும் வெப்பத்தை மலிவான ரிம்மின் பிசின் தாங்கும் என்பதற்கு உறுதியில்லை. முப்பது மில்லிமீட்டர் அளவில் உயரமுள்ள நல்ல அலுமினிய ரிம்மைக் கொண்டு கட்டினால் செலவும் குறையும், மழையிலும் நம்பி ஓட்டலாம். கீழே சொல்லப்படுபவை பெரும்பாலும் டிஸ்க் பிரேக் சைக்கிள்களுக்கானவை.

அகலத்தைப் பொறுத்தவரை 28 மி.மீ. டயருக்கு 21 மி.மீ. உள்ளகலம் பொருத்தமானது. ரிம்மின் வெளி அகலம் காற்றேற்றிய டயரின் அகலத்தைவிட ஐந்து விழுக்காடாவது கூடுதலாக இருந்தால் காற்று சீராக வழுக்கிச் செல்லும் என்பது பந்தயக்காரர்களிடையே பழகிப்போன விதி. அந்த விதிக்காக 25 மி.மீ. டயருக்குத் திரும்புவது நம் சாலைகளுக்கு ஒத்துவராது. மார்த்தாண்டம் பக்கம் மழைக்காலத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தவருக்கு விளக்கம் தேவைப்படாது. டயரின் ஓரத்தைப் பிடிக்கும் கொக்கி இல்லாத ஹுக்லெஸ் ரிம்கள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் 5 பார், அதாவது ஏறத்தாழ 72 பி.எஸ்.ஐ.-க்கு மேல் காற்றடிக்கக் கூடாது. டயரும் ஹுக்லெஸ் ரிம்முக்கு ஏற்றது என்று அதன் தயாரிப்பாளர் சொல்லியிருக்க வேண்டும். கையில் கிடைக்கும் டயரை மாட்டி ஓட்ட நினைப்பவர்கள் கொக்கியுள்ள ரிம்மையே கேட்டு வாங்க வேண்டும்.

ஹப்பில் பெயரைவிட உதிரிப்பாகம் முக்கியம். மழையும் உப்பும் சேர்ந்து பேரிங்கை எப்படியும் ஒருநாள் தின்றுவிடும். அது 6902 போன்ற பொது அளவில் இருந்தால் நாகர்கோவிலில் பேரிங் கடையில் எண்ணைச் சொல்லிக் கேட்கலாம், தனி அளவில் இருந்தால் வெளிநாட்டுக் கூரியருக்காகக் காத்திருக்க வேண்டும். டி.டி. ஸ்விஸ் 350 விலை கூடுதலானாலும், மிதிக்கும்போது மட்டும் சக்கரத்தைப் பிடிக்கும் அதன் ராட்செட்டைக் கருவி எதுவுமின்றிக் கழற்றிச் சுத்தம் செய்யலாம். அது எட்டாதவர்கள் நோவாடெக், பிடெக்ஸ் ஹப்புகளை எடுக்கலாம். செராமிக் பேரிங்குக்குப் பணம் கொடுக்க வேண்டாம். அச்சு அளவு முன்னால் 12×100, பின்னால் 12×142 தானா, டிஸ்க் பொருத்துவது நடுவில் ஒரே வளையத்தால் பூட்டும் சென்டர் லாக்கா ஆறு போல்ட்டா என்று சைக்கிளைப் பார்த்தே எழுதிக்கொள்ளுங்கள். ஷிமானோவின் 12 வேக ரோடு கேசட்டுகள் (பின்பக்கப் பற்சக்கரத் தொகுதிகள்) அதன் 11 வேக ஃப்ரீஹப்பிலேயே (ஹப்பில் கேசட்டைத் தாங்கும் பகுதி) உட்காரும். ஸ்ராம் 12 வேகத்துக்குப் பொதுவாக எக்ஸ்.டி.ஆர். என்ற வேறு வகை ஃப்ரீஹப் வேண்டும்.

ஸ்போக்குகளில் தலை வளைந்த ஜே-பெண்ட் வகையே நமக்கு ஏற்றது. அறுந்தால் மாற்றுக் கம்பி கிடைப்பது எளிது. சபிம் சி.எக்ஸ்.-ரே போன்ற தட்டைக் கம்பிகள் நல்லவைதான், ஆனால் பட்ஜெட் இடித்தால் நடுப்பகுதி மெலிந்த உருண்டைக் கம்பியே போதும். எண்பது கிலோ வரை உள்ளவருக்கு இரு சக்கரத்திலும் தலா 24 கம்பிகள் போதும். அதற்கு மேல் உள்ளவர்கள் பின்னால் 28 கேட்க வேண்டும். எடை குறையும் என்று கம்பியை ரிம்மில் இறுக்கும் சிறு மறையான நிப்பிளை அலுமினியத்தில் கடைக்காரர் காட்டுவார். கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு தொடங்குகிறது. நிப்பிளின் கழுத்தில் வெள்ளைப் பொடி பூத்து, பிறகு ஸ்பேனர் வைத்ததும் தலை உடைந்து கையோடு வந்துவிடும். கடலோரத்தில் ஓட்டுபவர் சில கிராம்களைப் பொருட்படுத்தாமல் பித்தளை நிப்பிளையே போட வேண்டும். ரிம்முக்குள் ஒளிந்திருக்கும் நிப்பிள் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு முறை கோட்டம் எடுக்கவும் டயரையும் டேப்பையும் கழற்ற வேண்டியிருக்கும்.

கட்டுபவரைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிகக் கவனம் தேவை. நம் ஊர்ச் சைக்கிள் கடைகளில் விரல் நுனியாலேயே கோட்டம் எடுக்கும் கைகாரர்கள் இருக்கிறார்கள்; இரும்பு ரிம்மில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. கார்பன் ரிம்மிலோ கம்பிகளின் இழுவிசையை மீட்டர் வைத்து அளந்தே ஆக வேண்டும், ஏனெனில் ரிம் நேராகத் தெரிந்தாலும் ஒரு கம்பி அளவுக்கு மீறி இறுகியும் பக்கத்துக் கம்பி தளர்ந்தும் இருக்கலாம். பல கார்பன் ரிம்களுக்கு உச்ச இழுவிசை 120 கிலோ விசை அளவில் குறிக்கப்பட்டிருக்கும். உங்கள் ரிம்முக்கு உரிய எண்ணை வாங்கிக் கட்டுபவரிடம் கொடுங்கள். பின்சக்கரத்தில் செயின் பக்கக் கம்பிகள் அதிக இறுக்கமாகவும் எதிர்ப்பக்கம் குறைவாகவும் இருப்பது இயல்பு. துளைகள் ஒருபுறம் தள்ளியுள்ள ரிம் கிடைத்தால் அந்த வேறுபாடு குறைந்து கம்பிகள் நீடித்து உழைக்கும். கம்பியின் நீளத்தைக் கணக்கிடத் தேவையான ரிம் விட்டத்தை இணையத்தில் பார்த்து எடுக்காமல், ரிம் கைக்கு வந்தபின் அளந்து, அதன்பிறகே கம்பிக்கு ஆர்டர் கொடுக்கச் சொல்லுங்கள்.

வெளிநாட்டிலிருந்து ரிம் வரவழைக்கும்போது சுங்க வரி, பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது, அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் கூரியரின் கையாளும் கட்டணமும் வரும். உத்தரவாதத்தில் திருப்பி அனுப்பும் செலவு பெரும்பாலும் நம் தலையில்தான் விழும். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தபின், இந்தியாவிலுள்ள விற்பனையாளர் சொல்லும் விலை அவ்வளவு கூடுதலாகத் தெரியாது. பெரிய பிராண்டின் பெயர் ஒட்டப்பட்டு நம்ப முடியாத விலைக்கு வரும் ரிம்மைத் தொட வேண்டாம். பெயரில்லாத ரிம்மாயினும், உச்சக் காற்றழுத்தம், உச்ச இழுவிசை, தாங்கும் எடை ஆகிய மூன்றையும் எழுத்தில் தரும் தயாரிப்பாளரே மேல்.

ஐம்பது மில்லிமீட்டர் ரிம்முக்கு 80 மி.மீ. வால்வுள்ள ட்யூப் தேவை. நம் பக்கத்துக் கடைகளில் அது எப்போதும் கிடைக்காது என்பதால் ஒன்றிரண்டை முன்கூட்டியே வாங்கிப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டரில் கம்பிகள் தம் இடத்தில் படிந்து சற்றுத் தளரும். அப்போது கட்டியவரிடமே கொண்டுபோய் மறுபடி மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். இந்த மறுபரிசோதனை கட்டும் கூலியிலேயே அடங்குமா என்பதை ஆர்டர் கொடுக்கும்போதே பேசி முடித்துக்கொள்ளுங்கள். கடலோரச் சாலையில் ஓட்டிவிட்டு வந்த நாளில் வாளியில் நல்ல தண்ணீர் எடுத்து நிப்பிள்களின் மேல் ஊற்றித் துடைத்தால் போதும். வாகனம் கழுவும் அழுத்தக் குழாயை ஹப்பின் பக்கம் திருப்பக் கூடாது.