தேக்கு மேசையில் கீறலா? உப்புத்தாளைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

மிக்சியைத் தூக்காமல் இழுத்ததில் எங்கள் தேக்கு மேசையில் ஒரு கீறல் விழுந்தது. உடனே உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தேன். கீறல் போனது உண்மைதான். ஆனால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளுத்த திட்டு வந்துவிட்டது. இன்றைக்கும் அதன்மேல் பழத்தட்டுதான் உட்கார்ந்திருக்கிறது. பிறகு பார்த்த ஆசாரி, "இது பாலிஷோட நின்ன கீறல். மரத்தைத் தொட்டிருக்கவே வேண்டாம்" என்றார்.

அதனால் முதலில் கவனிக்க வேண்டியது கீறலின் ஆழத்தை.

1. மேலே இருப்பது என்ன?

விளிம்பைப் பாருங்கள். மேலே ஓடும் ரேகை பக்கவாட்டிலும் இறங்கினால் அது முழு மரம். ஓரத்தில் தனியாகப் பட்டை ஒட்டியிருந்தால் பெரும்பாலும் பிளைவுட்டின் மேல் வெனீரோ (மெல்லிசாகச் சீவிய மரத்தகடு) மைக்காவோ (பிளாஸ்டிக் மாதிரியான தகடு) இருக்கும். வெனீர் பல நேரம் அரை மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. அழுத்தித் தேய்த்தால் பிளைவுட் பல்லிளித்துவிடும். மைக்கா என்றால், கீழே சொல்லும் வைத்தியம் எதுவும் பலிக்காது.

2. நகத்தால் தடவுங்கள்

சோப்புத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, காயவிடுங்கள். அப்புறம் கீறலுக்குக் குறுக்கே நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டாமல் போனால் கீறல் பாலிஷில்தான் இருக்கிறது. லேசாகத் தட்டி, உள்ளே நிறம் வெளுத்துத் தெரிந்தால் மரம் வரை போயிருக்கிறது. நகம் மாட்டி நின்றால் அது பள்ளம்.

3. மேலோட்டமான கீறல்

ஒரு அக்ரூட் பருப்பைப் பாதியாக உடைத்து, உடைந்த பக்கத்தால் கீறலின் மேல் தேயுங்கள். பத்து நிமிடம் விட்டு உலர்ந்த துணியால் துடையுங்கள். பருப்பின் எண்ணெய் இறங்கி வெளுப்பை மறைக்கும். தேங்காய் எண்ணெய் போடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், அது காயவே காயாது. பிசுபிசுவென்று தூசியைத்தான் பிடித்து வைக்கும்.

4. நிறம் போன கீறல்

பழுப்பு ஷூ பாலிஷே போதும். மரத்தைவிட ஒரு நிழல் வெளிறிய நிறத்தில் தொடங்குங்கள். கருத்துப் போனால் திருத்துவது கஷ்டம். காது குடையும் பஞ்சுக் குச்சியால் கீறலுக்குள் மட்டும் தொட்டு வைத்து, மிச்சத்தை உடனே துடையுங்கள். நாற்காலிக்கு மட்டும் இது வேண்டாம், வேட்டியில் ஒட்டும்.

5. பள்ளம்

மரத்தூளையும் ஃபெவிகாலையும் குழைத்து அடைப்பது பழைய வழக்கம். அடைப்பு நன்றாகத்தான் பிடிக்கும். ஆனால் காய்ந்த பசை சாயத்தை உறிஞ்சாது, அதனால் அந்த இடம் தனியாகத் தெரியும். மரத்தின் நிறத்திலேயே கடையில் கிடைக்கும் வுட் ஃபில்லர் மேல். பள்ளத்தில் அழுத்தி, ஒரு மயிரிழை மேடாக விட்டு, ஒரு ராத்திரி காயவிடுங்கள்.

இப்போது உப்புத்தாளுக்கு வேலை வந்துவிட்டது. 220 நம்பர், அப்புறம் 320. சின்னக் கட்டையில் சுற்றிப் பிடித்து, நார் ஓடும் வாட்டத்திலேயே தேயுங்கள். நான் குறுக்கே தேய்த்ததும் சேர்ந்துதான் அந்தத் திட்டு. குறுக்கே விழும் கோடுகள், பாலிஷ் போட்ட பிறகு இன்னும் பளிச்சென்று தெரியும்.

பழைய மேசை என்றால் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த பாலிஷ் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். கண்ணில் படாத மூலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்குதான். அந்த அரக்கு பாலிஷையே, பஞ்சை உள்ளே வைத்துக் கட்டிய துணிப் பொட்டலத்தில் தொட்டு, மெல்லிசாக மூன்று நான்கு பூச்சு கொடுங்கள். ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. மழை நாளில் செய்யாதீர்கள். காற்றிலுள்ள ஈரம் ஏறிப் பூச்சு வெள்ளை பூத்துவிடும். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும், சாமி விளக்கு எரிகிற அறை வேண்டாம்.

முடிந்ததும் இரண்டு நாளைக்கு அந்த இடத்தில் சூடான காபி டம்ளரை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரக்குக்குச் சூடு ஆகாது. வெள்ளை வளையம் விழுந்தால் அது வேறு கதை.