அம்மீட்டர் முள் அசையவில்லையா? பழைய பிஎஸ்ஏ பைக்கில் சார்ஜ் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

எட்டு மாதம் பாடுபட்டு ரீஸ்டோர் பண்ணிய பிஎஸ்ஏ எம் 20 பைக்கை எடுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்குக் கிளம்பினேன். பாதி வழியில் ஹெட்லைட் மஞ்சளாகி, சிவப்பாகி, அப்புறம் இல்லாமலே போனது. இன்ஜின் மட்டும் டக் டக்கென்று ஓடிக்கொண்டே இருந்தது. இந்த வண்டிகளுக்கு ஸ்பார்க் கொடுப்பது, பேட்டரி இல்லாமலே தானாகக் கரண்ட் உண்டாக்கும் மேக்னெட்டோ. பேட்டரி செத்தாலும் வண்டி நிற்காது. அதனால்தான் சார்ஜ் ஏறவில்லை என்பதே பல நாள் நமக்குத் தெரியாமல் போகிறது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவத்துக்காக லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட வண்டி இது. என்னுடையது கண்டனூரில் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தது. கீழே எழுதியிருப்பது லூகாஸ் 6 வோல்ட் டைனமோவும் (இன்ஜின் சுழற்சியில் பேட்டரிக்குக் கரண்ட் உண்டாக்குவது) தனி ரெகுலேட்டரும் (அந்த வோல்ட்டைக் கட்டுப்படுத்துவது) உள்ள பழைய பிரிட்டிஷ் வண்டிகளுக்குப் பொருந்தும். ஆல்டர்னேட்டர் வைத்த புல்லட்டுக்கு இது சரிவராது.

முதலில் ஒரு வார்த்தை. புது டைனமோ, புது ரெகுலேட்டர் என்று ஆர்டர் போட்டுவிடாதீர்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டியில் கோளாறு பெரும்பாலும் அந்தப் பெயின்டிலேயே இருக்கும். எப்படி என்று மூன்றாம் படியில் சொல்கிறேன்.

தேவையானவை: மல்டிமீட்டர், இரண்டு நீள வயர் பற்றவைத்த 6 வோல்ட் பல்பு ஒன்று, மெல்லிய உப்புத்தாள், கொஞ்சம் பெட்ரோல், பழைய பனியன் துணி.

படி 1: பேட்டரி

சார்ஜரில் போட்டு முழுதாக ஏற்றி, சில மணி நேரம் சும்மா வைத்துவிட்டு அளந்தால் 6.3 வோல்ட்டாவது காட்ட வேண்டும். லைட்டைப் போட்டதும் சட்டென்று 5க்குக் கீழே இறங்கினால் பேட்டரி போய்விட்டது. சார்ஜ் இல்லாமல் விட்டுவைத்த லெட்-ஆசிட் பேட்டரியில் ஈயத் தகடுகள் மேல் சல்பேட் படிந்து இறுகிவிடும். அதற்கு அப்புறம் டைனமோ எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாது. பேட்டரி ஆராய்ச்சிக்குப் பெயர்போன சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிற ஊர் எங்களுடையது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலம் கொடுத்து, 1953இல் திறந்த ஆய்வகம் அது. அந்த ஊரில் இருந்துகொண்டு நான் செத்த பேட்டரியை வைத்து இரண்டு நாள் டைனமோவைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

படி 2: அம்மீட்டர்

பேட்டரிக்குக் கரண்ட் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று காட்டும் மீட்டர் இது. இன்ஜினை நிறுத்தி லைட்டைப் போடுங்கள். முள் மைனஸ் பக்கம் சாய வேண்டும். பிளஸ் பக்கம் போனால் மீட்டரின் பின்னால் இரண்டு வயரும் மாறியிருக்கிறது, மாற்றிப் போட்டால் போதும்.

படி 3: எர்த்

இங்கே நிதானமாக இருங்கள். கரண்ட் ஒரு வயரில் போய், சேஸ் வழியாகத் திரும்பி வருகிறது. அந்தக் காலத்தில் ஃபிரேமில் இருந்த பெயின்ட் மெல்லியது. போல்ட்டை இறுக்கினால் கீறிக்கொண்டு இரும்பைத் தொட்டுவிடும். இப்போது நாம் அடிக்கிற பவுடர் கோட்டிங் தடிமனான பிளாஸ்டிக் தோல் மாதிரி. கரண்டுக்கு அது சுவர்.

பேட்டரியின் இரண்டு முனைகளில் எது சேஸோடு சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். சில வண்டிகளில் பிளஸ், சிலவற்றில் மைனஸ். சேராத முனைதான் உயிர் முனை. பல்பின் ஒரு வயரை உயிர் முனையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு வயரால் இன்ஜின், டைனமோ உடம்பு, ஹெட்லைட் கூடு, ரெகுலேட்டரின் இ முனை (எர்த்துக்கான முனை) என்று ஒவ்வொன்றாகத் தொடுங்கள். எல்லா இடத்திலும் பல்பு ஒரே பிரகாசத்தில் எரிய வேண்டும். மங்கினால் அங்கே எர்த் இல்லை.

என் வண்டியில் இன்ஜினைத் தொட்டபோது பளிச்சென்று எரிந்தது. ரெகுலேட்டரின் இ முனையில் ஒரு துளி வெளிச்சம்கூட இல்லை. ரெகுலேட்டரைத் தாங்கும் பட்டையைக் கழற்றினால் பளபளவென்று கறுப்புத் தோல், போல்ட் ஓட்டைக்குள்ளும் கறுப்பு. இ முனைக்கு எர்த் இல்லையென்றால் உள்ளே இருக்கும் கட்-அவுட் (டைனமோவைப் பேட்டரியோடு சேர்க்கும் தானியங்கி சுவிட்ச்) மூடவே மூடாது, டைனமோவில் உண்டாகிற கரண்ட் பேட்டரிக்குப் போய்ச் சேராது. கூடவே வோல்ட்டைக் கட்டுப்படுத்தவும் ஆளில்லாமல், டைனமோவுக்குள் காந்தப் புலம் உண்டாக்கும் ஃபீல்டு காயில் சூடாகிக் கருகும் அபாயமும் உண்டு. போல்ட் உட்காரும் இடத்தில் ஒரு ரூபாய் அளவுக்குச் சுரண்டி, இ முனையிலிருந்து பேட்டரியின் எர்த் முனைக்கே நேராக ஒரு தடித்த வயர் இழுத்துவிட்டேன். சுரண்டிய இடத்தில் வாஸலின் தடவினால் துரு பிடிக்காது.

“இவ்வளவு அழகா அடிச்ச பெயின்டையா சொரண்டுற?” என்று ஆச்சி கேட்டார்கள். வேறு வழியில்லை.

படி 4: டைனமோ

ரெகுலேட்டரில் நான்கு முனைகள்: எஃப் (ஃபீல்டு), ஏ (அம்மீட்டர் வழியாகப் பேட்டரி), டி (டைனமோ), இ (எர்த்). சேர்த்துப் படித்தால் ‘ஃபேடு’, மங்குவது என்று அர்த்தம். ஹெட்லைட்டைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள் போல.

டைனமோவிலிருந்து டி, எஃப் வயர் இரண்டையும் கழற்றுங்கள். டைனமோவின் அந்த இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டு, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சேர்த்த இடத்துக்கும் இன்ஜினுக்கும் நடுவே பிடியுங்கள். வண்டியை ஸ்டார்ட் பண்ணி மெதுவாக ரேஸ் கொடுங்கள். வோல்ட் தடங்கலில்லாமல் ஏறினால் டைனமோ நல்லது. 10ஐத் தொட்டதும் ஆக்சிலரேட்டரை விட்டுவிடுங்கள், அதற்கு மேல் முறுக்கக் கூடாது.

மல்டிமீட்டர் எதுவுமே காட்டவில்லையென்றால் கார்பனைப் பாருங்கள். அரை வோல்ட்டோடு நின்றால் ஃபீல்டு காயில் மேல் சந்தேகம். ஒன்றரை, இரண்டு வோல்ட் என்றால் ஆர்மேச்சர், அதாவது உள்ளே சுழலும் வயர் சுற்றிய பாகம்.

படி 5: கார்பனும் கம்யூட்டேட்டரும்

டைனமோவின் மூடியைத் திறந்தால் இரண்டு கார்பன் தெரியும். கூட்டுக்குள் தாராளமாக ஏறி இறங்க வேண்டும், ஸ்பிரிங் அழுத்தம் இருக்க வேண்டும். கார்பன் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டர் கறுத்திருந்தால் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம். எமரித் தாள் வேண்டாம், அதன் பொடி செம்புத் துண்டுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு ஷார்ட் பண்ணும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துண்டு மட்டும் கருகியிருந்தால் ஆர்மேச்சரில் வயர் அறுந்திருக்கிறது. அதைக் காயில் கட்டுகிறவரிடம் கொடுத்துவிடுங்கள், நம் வேலை இல்லை.

படி 6: துருவம் கொடுப்பது

பல வருஷம் கிடந்த டைனமோவுக்குள் இருக்கும் கொஞ்சநஞ்சக் காந்தமும் போயிருக்கும், அல்லது துருவம் மாறியிருக்கும். இன்ஜினை நிறுத்தி, டி, எஃப் இரண்டும் கழன்றிருக்கும்போதே, பேட்டரியின் உயிர் முனையிலிருந்து ஒரு வயரை டைனமோவின் எஃப் முனையில் ஒரு நொடி மட்டும் தொட்டு எடுங்கள். சின்னப் பொறி பறக்கும், பயப்பட வேண்டாம். அப்புறம் வயர்களை மாட்டிவிடுங்கள்.

படி 7: ரெகுலேட்டர்

ஏ முனையின் வயரைக் கழற்றி, நுனி எங்கும் படாமல் டேப் சுற்றி வையுங்கள். டி முனைக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டரைப் பிடித்து ரேஸ் கொடுத்தால், வோல்ட் ஏறி 8ஐ ஒட்டி நின்றுவிட வேண்டும். நம் சித்திரை வெயிலில் சற்றுக் குறைவாகக் காட்டும், அது சரிதான். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் ரெகுலேட்டர் கோளாறு. பேட்டரி மாட்டியிருக்கும்போது கட்-அவுட் புள்ளிகளை விரலால் அழுத்தி மூடிப் பார்க்காதீர்கள், பேட்டரி முழுக்க டைனமோவுக்குள் கொட்டிவிடும். ஸ்பிரிங்கைத் திருகி அட்ஜஸ்ட் பண்ணுவதும் புதியவர்களுக்கு வேண்டாம். பழைய கூட்டுக்குள்ளேயே உட்காருகிற எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் கிடைக்கிறது. ஒரிஜினல்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் கோபிக்கலாம், நான் அதைத்தான் போட்டிருக்கிறேன்.

எல்லாம் மாட்டியபின் லைட்டைப் போட்டு ஒரு சுற்றுப் போய் வாருங்கள். ஐடிலில் முள் மைனஸில் இருப்பது சகஜம். வேகம் பிடித்ததும் நடுவுக்கு வந்து பிளஸ்ஸில் லேசாகச் சாய்ந்தால் போதும். மணிக்கணக்கில் ஓடியும் முள் பிளஸ்ஸின் கடைசியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், பேட்டரி கொதிக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டு ஏழாம் படியை மறுபடி பாருங்கள்.